ஆறாம், ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு: பின்னக் கணக்கு பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்ததும் ஆறாம் வகுப்பில் பின்னங்கள் பாடம் தொடங்குகிறது. ஏழாம் வகுப்புக்கும் அதை ஒருமுறை திருப்பி நடத்தச் சொல்லியிருக்கிறேன். விடைத்தாள்களைப் புரட்டிப் பார்த்தால் ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

½ + ⅓ எவ்வளவு என்றால் நிறையப் பேர் 2/5 என்று எழுதுகிறார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். கையில் ஏற்கெனவே அரை இருக்கிறது, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கிறோம், வந்த விடையோ அரையை விடக் குறைவு! கூட்டினால் எப்படிக் குறையும்? இந்தக் கேள்வி பிள்ளைக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. மார்க் போனது இரண்டாம் பட்சம்.

வீட்டில் அண்ணனோ அக்காவோ, இல்லையென்றால் டியூஷனிலோ, உடனே குறுக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். 5/6 வந்துவிடும், சரி. ஆனால் அடுத்து பின்னப் பெருக்கலும் வகுத்தலும் வரும்போது, எதற்கு எந்த வழி என்று தெரியாமல் பிள்ளைகள் அங்கேயும் அதே குறுக்குக் கோட்டைப் போட்டு வைக்கிறார்கள். அதனால் தயவுசெய்து கொஞ்ச நாளைக்குக் குறுக்கு வழி வேண்டாம். பேனாவை எடுப்பதற்கு முன்னால் “சுமாரா எவ்வளவு வரும்? ஒன்றைத் தாண்டுமா, தாண்டாதா?” என்று மட்டும் கேளுங்கள்.

கலப்பு பின்னத்தில் இது இன்னும் முக்கியம். 5¼ கிலோவிலிருந்து 2¾ கிலோ எடுத்தால் மீதி? ஐந்தில் இரண்டு போனால் மூன்று, அப்புறம் காலிலிருந்து முக்காலைக் கழிக்க முடியாது என்பதால் முக்காலிலிருந்து காலைக் கழித்து அரை, ஆக 3½ என்று எழுதிவிடுகிறார்கள். எழுதும்போது தயக்கமே இருக்காது. நாங்கள் வகுப்பில் இரண்டு வழி காட்டுவோம். ஒன்று, ஐந்தில் ஒன்றை உடைத்து நாலு காலாக்கி, இருக்கிற காலோடு சேர்த்து 4 முழுதும் ஐந்து காலும் என்று வைத்துக்கொண்டு கழிப்பது. இன்னொன்று கடைக்காரர் மீதிச் சில்லறை எண்ணித் தருவதைப் போல மேல்நோக்கி எண்ணுவது: 2¾-இலிருந்து 3-க்கு ஒரு கால், 3-இலிருந்து 5¼-க்கு இரண்டேகால், மொத்தம் 2½. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், பிள்ளைகளுக்கும் அதுவே சீக்கிரம் பிடிபடுகிறது. ஆனால் புத்தகத்தில் முதல் வழிதான் இருக்கும் என்பதால் இரண்டுமே தெரிந்திருக்க வேண்டும்.

எது பெரிய பின்னம் என்பதிலும் குழப்பம்தான். இதற்கு நம் நீலகிரி மலை ரயிலையே எடுத்துக்கொள்கிறோம். கல்லாறு தாண்டிக் குன்னூருக்கு ஏறும் பாதையில் அதிகபட்சச் சரிவு 1/12, அதாவது 12 அடி போனால் ஓரடி உயரம். குன்னூருக்கு மேலே ஊட்டி வரைக்கும் அதிகபட்சம் 1/25. எது செங்குத்து என்று கேட்டால் 25 பெரிய எண் என்று 1/25-ஐச் சொல்வார்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை மட்டும் எதற்குப் பல் தண்டவாளம் (இன்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏறப் பற்கள் வைத்த தண்டவாளம்) என்று கேட்டுப் பாருங்கள், கீழே இருக்கும் பகுதி எண் பெருகப் பெருகப் பின்னம் சிறியதாகிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வகுத்தலுக்குத் தேயிலைதான். ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்துக்கொண்டால், 27 கிலோ இலைக்கு எவ்வளவு தூள்? “தலைகீழாக்கிப் பெருக்கு” என்று மனப்பாடமாகச் சொல்வார்கள், ஏன் என்று கேட்டால் முழிப்பார்கள். 27 கிலோவில் 54 அரைக் கிலோ இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு ஒன்பது அரைக் கிலோ இலை வேண்டும். 54-இல் எத்தனை ஒன்பது? ஆறு. 27 × 2/9 என்று நோட்டில் எழுதுவதும் இதையேதான்.

வாய்ப்பாடு 12 வரை தடங்கலில்லாமல் வர வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. 8-க்கும் 6-க்கும் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடிக்கவே விரல் விட்டு எண்ணினால் பின்னம் எங்கே புரியும்? செல்போன் கால்குலேட்டரில் 0.8333 என்று பார்த்து எழுதி வருகிற விடைக்கு மார்க் கிடையாது என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன், பிள்ளைகளிடமும் சொல்லியாயிற்று.

“எனக்குக் கணக்கு வராது, நான் எங்கே சொல்லித் தருவது” என்று பெற்றோர் கூட்டத்தில் சிலர் சொன்னீர்கள். சொல்லித் தர வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை போடுகிறவர்கள் பழைய எடைச் சீட்டு ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள், பெயர் இருக்கும் பகுதியைக் கிழித்துவிட்டுக் கொடுத்தாலும் சரி. கேரட், உருளைக்கிழங்கு மண்டிக்குப் போடுகிறவர்கள் அந்த பில்லைக் கொடுக்கலாம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் திங்கட்கிழமை வகுப்பில் அதை வைத்தே கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்