பொறுப்பை ஏற்றுக்கொள், கலா

ஈசூன், சிங்கப்பூர்
14 டிசம்பர் 2025

அன்புள்ள கலா,

உன் மின்னஞ்சல் வந்து பத்து நாளாகிறது. விடைத்தாள் திருத்தம், மதிப்பெண் கூட்டம் என்று ஓடிக்கொண்டிருந்ததில் உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை கடைசிப் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டேன். நேற்று மதியம்வரை தூங்கினேன். இன்று காலையிலிருந்து மழை விடவில்லை. அம்மாவுக்கு இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. உன் பெயரைச் சொன்னாலே "பெர்த்துல இப்ப மணி என்ன?" என்பார். இரண்டு ஊருக்கும் ஒரே மணிதான் என்று எத்தனை தடவை சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் பல்கலைக்கழகத்தில் உன்னை ஒரு யூனிட்டுக்கு, அதாவது பல ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பாடத்துக்கு, ஒருங்கிணைப்பாளராகப் போடுகிறார்கள், இது கிளார்க் வேலையா, பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலையா, ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். ஒப்புக்கொள். எட்டு வருடமாக இதைச் செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இது பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலைதான். நீ நேரில் பார்க்காத வகுப்பறைகளிலும் பாடம் ஒழுங்காகப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்கிற வேலை.

என் பாடம் உனக்குத் தெரியும், முதலாம் ஆண்டு அறிமுகப் புள்ளியியல். இந்த முறை 340 மாணவர்கள், 17 டியூட்டோரியல் குழுக்கள் (சிறு வகுப்புகள்), என்னையும் சேர்த்து ஏழு ஆசிரியர்கள். அவர்களில் நான்கு பேர் பகுதிநேரம். பதின்மூன்று வாரம். எந்தக் குழுவில் உட்கார்ந்தாலும் மாணவனுக்குக் கிடைக்கும் பாடமும் மதிப்பெண்ணும் ஒரே நியாயத்தில் இருக்க வேண்டும். என் கவலையெல்லாம் அது ஒன்றுதான்.

நான் எப்போதும் நாட்காட்டியிலிருந்துதான் தொடங்குவேன். இதை ஒரு சங்கடத்தில்தான் கற்றுக்கொண்டேன். போன வருடம், 2024 ஏப்ரல் 10, புதன்கிழமை நோன்புப் பெருநாள். அதற்கு முந்தின இரவு 11.59க்கு ஒப்படைப்பு என்று நான் போட்டிருந்தேன். இஸ்லாமிய நாட்காட்டி வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் இல்லையா? அதற்கு முன்பு பல வருடங்கள் பெருநாள் ஜூன், மே, ஏப்ரல் கடைசி என்று எங்களுக்கு வகுப்பு இல்லாத நாட்களில் வந்துகொண்டிருந்தது. பாடம் நடக்கும் வாரத்துக்குள் அது வந்து நிற்பதை நான் கவனிக்கவே இல்லை. அன்று இரவு பத்தே முக்காலுக்கு ஒரு மாணவி எழுதினாள். பாட்டி வீட்டு அடுக்களையிலிருந்து ஒப்படைப்பை இணையத்தில் ஏற்றுகிறாளாம். அடுப்பையும் பார்த்துக்கொண்டே செய்ததில் இரண்டு தடவை ஏற்றிவிட்டாளாம், மன்னிக்க வேண்டுமாம். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டது இன்னும் உறுத்துகிறது, கலா. தீபாவளிக்கு முந்தின இரவு நம் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நம் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துத் தமிழாசிரியரை நினைத்துக்கொண்டேன். ஏழெட்டுப் பள்ளிகளிலிருந்து மதியத்துக்கு மேல் வந்து உட்காருவோமே, ஞாபகம் இருக்கிறதா? எந்தப் பள்ளியில் என்றைக்குத் தேர்வு, எங்கே விளையாட்டு விழா என்று கரும்பலகை ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருப்பார். அதைப் பார்த்துத்தான் வீட்டுப்பாடம் கொடுப்பார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இந்த வருடம் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. எங்களுக்குப் பத்தாவது வாரம். திங்கட்கிழமைக் குழுக்கள் நான்கு, அதாவது எண்பது பேர். அந்த வாரம் டியூட்டோரியலில் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு. அந்த வெள்ளிக்கிழமையே குழுத் திட்டத்தின் வரைவையும் கொடுக்க வேண்டும். இந்த எண்பது பேருக்கு மட்டும் வகுப்பு இல்லாமல் மற்ற 260 பேருக்கு மட்டும் இருந்தால் அது நியாயமா? ஜூன் மாதமே முடிவெடுத்து, புதன்கிழமை மாலை ஆறு மணிக்குப் பெரிய அறையில் நான்கு குழுக்களுக்கும் சேர்த்து ஒரு வகுப்பு என்று பாடத்திட்டத்தில் முதல் வாரமே அச்சிட்டுவிட்டோம். வரைவின் நாளையும் அடுத்த செவ்வாய்க்குத் தள்ளினோம். 58 பேர் வந்தார்கள். வராதவர்களுக்கு ஒளிப்பதிவும், வியாழக்கிழமை ஒரு மணி நேரம் கேள்வி கேட்கும் வாய்ப்பும் கொடுத்தோம். முறுக்கு டப்பாவோடு ஒரு பையன் வந்து முன் வரிசைக்கெல்லாம் கொடுத்தான், அது தனிக் கதை.

உங்கள் ஊரில் மார்ச் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தின விடுமுறை அல்லவா? உன் திங்கட்கிழமைக் குழுக்களை இப்போதே எடுத்துப் பார்.

அப்புறம், மதிப்பெண். உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான். இடைத்தேர்வு முடிந்ததும் ஐந்து விடைத்தாள்களைப் பெயரை மறைத்து நகலெடுத்து ஏழு பேருக்கும் கொடுத்துவிடுவேன். ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியாகத் திருத்திக்கொண்டு வர வேண்டும். பிறகு ஒரு மாலை, கோப்பியும் கறிபப்பும் வைத்துக்கொண்டு உட்காருவோம். மீதி விடைத்தாள்களை அதற்குப் பிறகுதான் யாரும் தொடலாம்.

இந்த முறை மூன்றாவது தாளில், நான்காம் கேள்விக்கு, 15க்கு ஒருவர் 12 போட்டிருந்தார், இன்னொருவர் 6. கேள்வி இதுதான்: புதிய பேருந்து வழித்தடம் வந்த பிறகு காத்திருக்கும் நேரம் குறைந்திருக்கிறதா? மாணவர் கணக்கையெல்லாம் சரியாகப் போட்டு, பி மதிப்பு 0.03 என்று கண்டுபிடித்திருந்தார். கடைசியில், "எனவே வழித்தடத்தால் பயன் இல்லை என்பதற்கு 3 விழுக்காடுதான் வாய்ப்பு" என்று முடித்திருந்தார். நீயும் ஆய்வுமுறை நடத்துகிறவள், இந்தத் தவற்றை நூறு தடவை பார்த்திருப்பாய். வழித்தடத்தால் எந்த மாற்றமும் இல்லை என்றே வைத்துக்கொண்டால், இவ்வளவு வேறுபாடோ இதைவிட அதிகமோ தற்செயலாக வருவதற்கு 3 விழுக்காடு வாய்ப்பு. பி மதிப்பு சொல்வது அவ்வளவுதான். பயன் உண்டா இல்லையா என்பதற்கான வாய்ப்பை அது சொல்வதில்லை.

12 போட்டவர், கணக்கு முழுவதும் சரி, ஒரு வாக்கியம்தான் பிசகியிருக்கிறது என்றார். 6 போட்டவர், கணக்கைக் கணினியே போட்டுவிடும், நாம் சொல்லிக்கொடுப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்றார். இரண்டு பேரும் நல்ல ஆசிரியர்கள், இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. முக்கால் மணி நேரம் போனது. அப்போது முதல் முறையாகப் பாடம் எடுக்கும் ஒரு தம்பி, முனைவர் பட்ட மாணவர், கையைத் தூக்கி, "இந்த வித்தியாசத்தை என் குழுவில் நான் சொல்லவில்லை. ஸ்லைடில் ஒரு வரி இருந்தது, தாண்டிப் போய்விட்டேன். மற்றவர்கள் சொன்னீர்களா?" என்றார். மூன்று பேர் சொல்லியிருந்தார்கள், மூன்று பேர் சொல்லவில்லை. அந்த ஸ்லைடைச் செய்தவள் நான்.

எல்லோருக்கும் ஒரே அளவாக, அந்த வாக்கியத்துக்கு 4 மதிப்பெண் குறைப்பது என்று முடிவு செய்தோம். எட்டாம் வார டியூட்டோரியலின் முதல் இருபது நிமிடத்தை அதற்கென்றே ஒதுக்கி, ஏழு பேரும் ஒரே எடுத்துக்காட்டை வைத்து நடத்தினோம். இறுதித் தேர்வில் வேறு கதையில் அதே கேள்வியை மறுபடி வைத்தேன். அந்தத் தம்பியின் குழுவில் இருபது பேரில் பதினாறு பேர் சரியாக எழுதியிருந்தார்கள். தாளைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு அவர் அனுப்பிய குறுஞ்செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். இதைக் கிளார்க் வேலை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எக்செல் தாள்களைப் பற்றி நீ அலுத்துக்கொண்டு எழுதியிருந்தாய். எனக்கு அவை பிடிக்கும். ஒவ்வொரு ஆசிரியரும் தன் குழுவின் வருகையை மட்டும்தான் பார்க்கிறார். எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டால்தான் சில விஷயங்கள் கண்ணில் படும். இந்த செமஸ்டரில் ஒரு பையனுக்கு ஐந்து, ஆறு, ஏழு மூன்று வாரமும் வருகை காலி. தேசிய சேவை முடித்துவிட்டு அப்போதுதான் படிக்க வந்தவன். அவனுடைய ஆசிரியருக்கு அவன் வகுப்புக்கு வராதவன், அவ்வளவுதான். ஆனால் பக்கத்துப் பத்தியில் பார்த்தால் வாராந்தர இணைய வினாக்களை ஒன்று விடாமல் செய்திருக்கிறான், எல்லாம் அதிகாலை நான்கு மணிக்கு. படிப்பை விட்டவன் நான்கு மணிக்கு வினா செய்வானா? கூப்பிட்டுப் பேசினேன். அப்பாவுக்குப் பக்கவாதம், வருமானம் நின்றுவிட்டது, இரவெல்லாம் மிதிவண்டியில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறான். காலை ஒன்பது மணி வகுப்புக்கு எழுந்திருக்க உடம்பில் தெம்பில்லை. அவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் எம்சி என்கிற மருத்துவச் சான்றிதழைக் காட்டலாம், அப்பாவின் நோய்க்கு எதைக் காட்டுவான்?

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக் குழுவுக்கு மாற்றினேன். உதவிநிதிக்கு விண்ணப்பிக்க மாணவர் நலப் பிரிவில் ஒருவரிடம் நேரில் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தேன். ஒரு ஒப்படைப்புக்குக் காலநீட்டிப்பு வாங்கிக் கொடுத்தேன். பி கிரேடு வாங்கியிருக்கிறான். அவன் உழைப்புக்கு அது குறைவுதான் என்று எனக்கு ஆதங்கம்.

அதே எக்செலில் ஒரு எச்சரிக்கை. பெயர்ப் பத்தியை மட்டும் அகரவரிசைப்படுத்தினால் மதிப்பெண்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும், பெயர்கள் மட்டும் நகர்ந்துவிடும். ஒரு தடவை எங்கள் குழுவில் ஒருவர் அப்படிச் செய்துவிட்டார். தேர்வுக்கே வராத ஒருவருக்கு 71 என்று இருந்ததைப் பார்த்துத்தான் பிடித்தோம். அன்றிலிருந்து மாணவர் எண்ணை வைத்துத்தான் எதையும் இணைக்கிறோம், இரண்டு பேர் பார்க்காமல் எந்தப் பட்டியலும் வெளியே போவதில்லை.

சாட்ஜிபிடியைப் பற்றியும் கேட்டிருந்தாய். 2022 நவம்பரில் அது வந்ததிலிருந்து வீட்டில் எழுதிக் கொடுக்கும் கட்டுரையை மட்டும் நம்பி மதிப்பெண் போட முடியவில்லை. கண்டுபிடிக்கும் கருவிகளை நான் நம்புவதில்லை. சொந்தமாக எழுதிய பிள்ளையையும் அவை சந்தேகப்படுத்திவிடும். அதனால் திட்டத்துக்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் எட்டு நிமிடம் நேரில் கேள்வி கேட்கிறோம். 340 பேருக்கு எட்டு நிமிடம் என்றால் 2,720 நிமிடம், நாற்பத்தைந்து மணி நேரத்துக்கும் மேல். ஏழு பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஆறரை மணி நேரம். செய்யக்கூடியதுதான். ஆனால் அந்த ஆறரை மணி நேரத்துக்குப் பகுதிநேர ஆசிரியர்களுக்குச் சம்பளம் உண்டா என்று முதலில் கேள். அவர்களுக்கு வகுப்பு நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் காசு. மதிப்பெண் கூட்டத்துக்கும் நேர்முகத்துக்கும் அவர்களை இலவசமாக வரச்சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு செமஸ்டர் விடாமல் எழுதி, அந்த மணிநேரங்களையும் சேர்க்க வைத்தேன். எட்டு வருடத்தில் நான் செய்ததில் எனக்குப் பெரிய திருப்தி அதுதான்.

வினாத்தாளில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அதைப் பார்க்காத ஒருவரைக் கடிகாரம் வைத்து எழுதச் சொல், போதும்.

மனவருத்தமும் இருக்கிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன். பதவி உயர்வுப் படிவத்தில் இந்த வேலைக்கு ஒரே ஒரு வரிதான் இடம். நான் கட்டுரை எழுதியிருக்க வேண்டிய மாதங்களில் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். என்னோடு சேர்ந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அதனால் நீ சரி என்று சொல்வதற்கு முன்பே சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள். உன் வேலைப்பளுவில் இதற்கு எத்தனை மணி நேரம் கணக்கு, வாரத்தில் எத்தனை நாள் அலுவலக உதவியாளர், நீ விடுப்பில் போனால் உன் இடத்தில் யார். கடைசியைச் சாதாரணமாக நினைக்காதே. இங்கே தேசிய சேவை முடித்த ஆசிரியர்களுக்கு ரிசர்விஸ்ட் பயிற்சி அழைப்பு வந்து இரண்டு வாரம் போய்விடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆளை முதல் வாரமே குறித்து வைத்திருப்பதால்தான் சமாளிக்கிறேன்.

என் பதின்மூன்று வார அட்டவணையையும், ஏழு பேருக்கும் நான் அனுப்பும் வாராந்தரக் குறிப்புகளையும் நாளைக்குத் தனியாக அனுப்புகிறேன். உன் பாடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்.

பொங்கலுக்கு வருகிறாய் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஜனவரி 12 அன்று வகுப்பு தொடங்குகிறது, ஆனாலும் சனி, ஞாயிறு முழுக்க உனக்குத்தான். தேக்காவில் கரும்பு கட்டி வைத்திருப்பார்கள், போய்ப் பார்க்கலாம். அம்மா உனக்கென்று இட்லிப் பொடி அரைத்து வைக்கப்போகிறாராம். திரும்பிப் போகும்போது அங்கே விமான நிலையத்தில் கொடுக்கும் வருகை அட்டையில் பொடி இருக்கிறது என்று மறக்காமல் எழுதிவிடு, போன தடவை மாதிரி குப்பையில் போட விட்டுவிடாதே.

அன்புடன்,
சாந்தி