நந்தவனத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கோயிலுக்குத் தென்புறம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த பழைய நந்தவனத்தை மரச்சோலையாக்கும் திருப்பணி நிறைவடைந்தது. நடை திறந்திருக்கும் நேரமெல்லாம் ஊரார், வெளியூரார் யாரும் உள்ளே வரலாம். வரவு செலவுக் கணக்கை மடப்பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

கணக்கைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்பது, கன்று வாங்கியதைவிடப் பொக்லைனுக்கு ஏன் இவ்வளவு என்று. சீமைக்கருவேலம் வெட்டினால் போகிற மரமில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அடியோடு அறுத்தாலும் கட்டையிலிருந்து கொத்தாகத் தழைக்கும். தூரோடு பிடுங்கத்தான் வேண்டும். விறகைக் கரிமூட்டத்துக்கு விற்றதில் செலவில் ஒரு பங்கு ஈடானது. மண்ணுக்குள் கிடக்கும் விதை தீரவில்லை. ஆடு நெற்றைத் தின்று போடும் புழுக்கையிலும் விதை இருக்கும். ஒவ்வொரு மழைக்கும் முளைப்பதைக் கையால் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம், மரத் தேர்வு. புல்தரை போட்டுக் குரோட்டன்ஸ் வைத்தால் பார்க்க அழகு என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். அழகுதான், ஆனால் சித்திரை வெயிலில் அதற்கு யார் தண்ணீர் விடுவது? நம் சோழமண்டலக் கரையில் மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு மாதக்கணக்கில் காயும். அந்தக் காய்ச்சலிலும் பச்சை மாறாமல் நிற்கிற காடு ஒன்று இங்கே உண்டு. அதில் மிஞ்சியது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் இன்றும் பார்க்கலாம். அந்த மரங்களையே நட்டோம்: வீரை, காசான், உலக்கைப்பாலை, வெப்பாலை. வீரை மெதுவாகத்தான் வளரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுவாமி பூவுக்கு வாசலோரம் மகிழம், புன்னை, பவழமல்லி, நந்தியாவட்டை. கோயில் விளக்கு எரிக்கும் எண்ணெய்க்கு அந்தக் காலத்தில் விதை கொடுத்த கிழட்டு இலுப்பை முள்ளுக்குள் உயிரோடு இருந்தது. அதைச் சுற்றி மேடை கட்டாமல் மண்ணாகவே விட்டோம்.

கிணற்றைத் தூர்வாரியாயிற்று. கம்பி வேலியோரம் கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) ஊன்றியிருக்கிறோம். அது அடர்ந்து வேலியாகும்வரை ஆடு ஓட்டி வருபவர்களிடம் சண்டை போடாமல் சொல்லி வைப்பதே வழி.

ஒரு வேண்டுகோள். உழவாரம் செய்ய வருபவர்கள் சருகைக் கூட்டிக் கொளுத்த வேண்டாம். கன்றின் தூரில் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், தண்ணீர்ச் செலவு குறையும். பாதையில் விழுவதை மட்டும் பெருக்கினால் போதும்.

கன்றுகள் வேர்பிடிக்கும்வரை கோடையில் தண்ணீர் ஊற்ற முறை போட வேண்டும். கையிருப்புப் பணம் மோட்டாருக்கும் குழாய்க்கும் சரியாக இருக்கும், ஆள்தான் தேவை. மாசி முடிவதற்குள், வர முடிந்த கிழமையைச் சொல்லிக் குழுவிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
நந்தவனத் திருப்பணிக் குழு