எந்தப் பூங்காவில் எதைப் பார்ப்பது என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையையொட்டித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். கடற்கரைகளுக்கும் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் பத்தி பத்தியாக இடம் ஒதுக்கிய கட்டுரையாளர், நம் மலேசியாவின் தேசியப் பூங்காக்கள் அத்தனையையும் ‘மலை, காடு, அருவி என இயற்கையை ரசிக்கலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதே வாரம் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கல்விச் சுற்றுலாப் பேச்சு வந்தது. “எங்கே போனாலும் காடுதானே, பஸ் வாடகை குறைவாக இருக்கும் இடத்தைப் பாருங்கள்” என்றார் ஒருவர். பலரும் ஆமோதித்தார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு மரங்கள் புதிதல்ல. பால்மரமும் (ரப்பர்) செம்பனையும்தான் எங்கள் வீடுகளில் உலை கொதிக்க வைத்தன. ஆனால் தோட்டத்தில் ஒரு பகுதியில் நிற்கும் மரங்கள் எல்லாம் ஒரே ஆண்டில் நட்டவை. ஒரே உயரம், ஒரே இடைவெளி. ஒரு நிரையைப் பார்த்தால் மற்ற நிரைகளையும் பார்த்தாகிவிட்டது. அந்தக் கண்ணோடு மழைக்காட்டுக்குப் போகிறவருக்கு அதுவும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். போர்னியோத் தீவில் உள்ள சரவாக் மாநிலத்தின் மிகப் பழைய தேசியப் பூங்காவான பாக்கோவை எடுத்துக்கொள்வோம். 1957-இல் அமைந்தது, பரப்பு ஏறத்தாழ 6,700 ஏக்கர், அதாவது ஒரு பெரிய தோட்டத்தின் அளவு. அதற்குள் அலையாத்திக் காடு, சதுப்புக் காடு, உயர்ந்த மரங்களின் மழைக்காடு, வெள்ளை மணலில் வளரும் குட்டை மரக்காடு, பாறை முகட்டுச் செடிகள், புல்வெளி என்று போர்னியோத் தீவின் ஏறத்தாழ எல்லாத் தாவர வகைகளும் இருக்கின்றன. நீள மூக்குக் குரங்கு அலையாத்தி இலைகளைத் தின்பதை அங்கே கண்ணெதிரே பார்க்கலாம். போர்னியோவையும் அதையொட்டிய சிறு தீவுகளையும் விட்டால் உலகில் வேறெந்தக் காட்டிலும் அந்தக் குரங்கு இல்லை.

தீபகற்ப மலேசியாவில் உள்ள தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் பெருமை முற்றிலும் வேறு. பகாங், கிளந்தான், திரங்கானு மாநிலங்கள் மூன்றும் சேரும் இடத்தில் 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் அந்தக் காட்டுக்கு 13 கோடி ஆண்டு வயது என்கிறார்கள். உலகின் பிற பகுதிகளைப் பனியுகங்கள் மூடித் துடைத்தபோதும் இங்கே மழையும் வெயிலும் நின்றுபோகவில்லை; காடும் அறுந்துபோகாமல் தொடர்ந்தது. தியோடர் ஹப்பெக் என்பவர் வேட்டைக்காரராக இருந்து விலங்குகளின் காவலராக மாறியவர். அவர் பல ஆண்டுகள் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக, மூன்று மாநில சுல்தான்களும் நிலம் ஒதுக்க, 1938-39-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் அந்தப் பூங்கா உருவானது. சுதந்திரத்துக்குப் பிறகு இன்றைய பெயர் வந்தது. அங்கே போகிறவர்கள் தொங்கு பாலத்தில் நடந்து படம் எடுத்துக்கொண்டு மறுநாளே திரும்பிவிடுகிறார்கள். விலங்குகள் உப்புச் சத்துக்காக மண்ணை நக்க வரும் இடத்தருகே மறைகுடில்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். ஓர் இரவு அங்கே பேசாமல் உட்கார்ந்திருக்கப் பிள்ளைகளைப் பழக்கினால், அந்தப் பூங்கா எதற்காக ஒதுக்கப்பட்டது என்பது அவர்களுக்கே விளங்கும்.

போர்னியோவில் உள்ள சபா மாநிலத்தின் கினபாலு மலைப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் 4,095 மீட்டர் உச்சியை மட்டுமே குறி வைக்கிறார்கள். உச்சிக்கு ஏறும் வழியில் மழைக்காடு மாறி, ஓக் மரக் காடாகி, குட்டைப் புதராகி, கடைசியில் வெறும் கருங்கல்லாகிறது. பல நாடுகள் கடந்து பார்க்க வேண்டிய மாற்றத்தை ஒரே மலை காட்டிவிடுகிறது. அங்கே ராஜா குடுவைச் செடி என்று ஒன்று உண்டு. கினபாலுவையும் அடுத்துள்ள தம்புயுக்கோன் மலையையும் தவிர வேறெங்கும் வளராதது. அதன் குடுவை இரண்டு லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். பூச்சியை விழுங்கும் செடி என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது; இந்தச் செடி அதோடு நிற்பதில்லை. குடுவை மூடியின் உட்புறத்தில் இனிப்பான நீர் சுரக்கிறது. அணில் போன்ற மரமூஞ்சூறு குடுவையின் வாயில் உட்கார்ந்து அதை நக்குகிறது. நக்கும்போதே குடுவைக்குள் எச்சமிடுகிறது. சத்தில்லாத மண்ணில் நிற்கும் செடிக்கு அந்த எச்சமே உரம். உரமூட்டை சுமந்து பழகிய தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

கினபாலுவும் சரவாக்கின் முலு தேசியப் பூங்காவும் 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒன்றாகவே இடம்பெற்றன. ஆனால் இரண்டும் பட்டியலில் சேர்ந்த காரணங்கள் வேறு வேறு. முலுவின் செல்வம் பூமிக்கு அடியில் இருக்கிறது. மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய குகைகள் அவை. 1981-இல் கண்டறியப்பட்ட சரவாக் குகைக்கூடம் பரப்பளவில் உலகிலேயே பெரியதாகக் கருதப்படுகிறது. மான் குகையிலிருந்து மாலையில் லட்சக்கணக்கான வௌவால்கள் கூட்டமாக வெளியேறுவதைப் பார்க்க உலகமே வருகிறது. 2024-இல் அதே பட்டியலில் சேர்ந்த, சரவாக்கின் நியா தேசியப் பூங்காவிலும் குகைதான், ஆனால் அங்கே பேசப்படுவது மனிதன். 1958-இல் அங்கே கிடைத்த மண்டையோடு ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழமையானது. ‘ஒரு குகையைப் பார்த்தாயிற்று, இன்னொன்று எதற்கு?’ என்று கேட்பவரிடம் இதைத்தான் சொல்வேன்.

பினாங்கு தேசியப் பூங்கா நமக்கு அருகிலேயே, தெலுக் பஹாங்கில் இருக்கிறது. சிறியதுதான்; ஆனால் அங்குள்ள கெராச்சுட் கடற்கரையில் மேலே நன்னீரும் கீழே கடல்நீரும் கலக்காமல் நிற்கும் ஓர் ஏரி பருவத்துக்குப் பருவம் உருவாகிறது. ஆமைகள் முட்டையிடுவதும் அதே கரையில்தான். ஒரே நாளில் போய் வரலாம்.

இவற்றின் நிர்வாகம் ஏன் ஒரே சீராக இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. நம் அரசியலமைப்புச் சட்டப்படி நிலமும் காடும் மாநில அரசுகளின் கையில் இருக்கின்றன. மத்திய அரசு 1980-இல் தேசியப் பூங்காச் சட்டம் கொண்டுவந்தது; மாநிலம் நிலம் தராமல் அந்தச் சட்டத்தால் ஒரு பூங்காவையும் உருவாக்க முடியாது. பினாங்குப் பூங்கா 2003-இல் அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்தது. சபாவும் சரவாக்கும் ஜொகூரும் தத்தம் சட்டங்களின்படி நடக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பூங்காவும் அந்தந்த மாநில அரசு மனம் வைத்ததால் நிலைத்தது. சில இடங்களில் மக்கள் மனம் வைக்க வைத்தார்கள். ஜொகூர், பகாங் எல்லையில் உள்ள எண்டாவ் ரொம்பின் காட்டின் பகாங் பகுதியில் 1977-இல் மரம் வெட்ட உரிமம் தரப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. வெட்டு நின்றது. அந்தக் காட்டில் அன்று சுமத்திரா காண்டாமிருகம் இருந்தது. நம் நாட்டின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்துவிட்டது. நம் பிள்ளைகள் அதைப் படத்தில்தான் பார்ப்பார்கள். காட்டில் திரியும் மலாயாப் புலிகளும் 150-க்கும் குறைவு என்கிறது அரசின் கணக்கெடுப்பு.

இனி எங்கள் பேராக் மாநிலத்துக்கு வருகிறேன். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார், லெங்கோங், கிரிக் வழியாகப் போனால் தெமெங்கோர் ஏரியின் பண்டிங் தீவுப் படகுத்துறை. அங்கிருந்து வடக்கே 117,500 ஹெக்டரில் ராயல் பெலும் பூங்கா. தேசியப் பூங்கா என்ற பெயர் இல்லை, 2007-இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீபகற்ப மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் பெலும், தெமெங்கோர் காடுகளில் உண்டு. பெண் இருவாச்சி பெரிய மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைச் சேற்றாலும் எச்சத்தாலும் அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஒரு சிறு கீறல்தான் மிஞ்சும். ஆண் பறவை அதன் வழியாக வாரக்கணக்கில் பழம் ஊட்டும். அதற்குப் பொந்து விழும் அளவுக்கு முதிர்ந்த, பருத்த மரம் வேண்டும். செம்பனையில் அந்தப் பொந்து கிடையாது. இருபத்தைந்து, முப்பது ஆண்டில் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்யும் எந்தத் தோட்டத்திலும் கிடையாது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஒருவகை இருவாச்சிகள் நூற்றுக்கணக்கில் கூட்டம் கூட்டமாக அந்த ஏரிக்கு மேலே பறக்கும்.

இப்படிப்பட்ட ஏரிக்குச் சென்ற ஆண்டு ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் எங்கள் வட்டாரப் பிள்ளைகளை அழைத்துச் சென்றார். படகுவீட்டில் மாலை முழுவதும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டி. பறவைகள் அடையத் திரும்பும் நேரம் அது. எதைப் பார்த்தீர்கள் என்று நான் விசாரித்த பிள்ளைகளில் ஒருவருக்கும் இருவாச்சி என்ற பெயரே தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் சொல்லாத பெரியவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் மாணவர் பகுதியில் வாரம் ஒரு பூங்காவைப் பற்றி எழுதுங்கள். அழகை வர்ணிக்க வேண்டாம். அது எதற்காகப் பாதுகாக்கப்பட்டது, அங்கே மட்டும் இருப்பது எது, எந்த மாதத்தில் போக வேண்டும், முன் அனுமதி யாரிடம் பெற வேண்டும், வழிகாட்டியாக வரும் பூர்வக்குடி மக்கள் யார் என்று எழுதுங்கள். ஆண்டிறுதி மழையில் கிழக்குக்கரையோரக் காடுகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது சரியல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் சுற்றுலா முடிவு செய்வது பெரும்பாலும் ஆண்டுத் தொடக்கத்தில். அதற்கு முன்பே முதல் கட்டுரை வந்துவிட்டால், எங்கள் அடுத்த கூட்டத்தில் நானே அதைப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.