சின்ன வசனம்

பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். எனக்குக் கண்புரை ஆப்பரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கண்ணை வருத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் வேதம் வாசிப்பது இப்போது பேத்தியின் பொறுப்பு. இந்தக் கடிதத்தைக்கூட மூன்று நாளாகத் துண்டு துண்டாகத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு ஓய்வுநாள் பள்ளிக்கு அவள் தேர்ந்தெடுத்த மனப்பாட வசனம் என்ன தெரியுமா? உன்னுடையதேதான். "இயேசு கண்ணீர் விட்டார்." சின்ன வயதில் நீ தொடர்ந்து ஐந்து வாரம் அதையே ஒப்பித்தாய். ஆறாவது வாரம் டீச்சர் அம்மா, "அவர் கண்ணீர் விட்டதே உன்னைப் பார்த்துத்தான்" என்றார்கள். வகுப்பே சிரித்தது. நீதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய்.

பேத்தியை விடாமல், யோவான் பதினோராம் அதிகாரம் முழுவதையும் வாசிக்கச் சொன்னேன். (இந்த வசன எண்களெல்லாம் 1551-இல் ஓர் அச்சுக்காரர் போட்டவை. அந்த மூன்று சொல்லையும் தனி வசனமாக நிறுத்த அவருக்குத் தோன்றியதே, அந்த மனிதருக்கு நல்ல காது!) லாசரு கல்லறைக்குள் போய் நாலு நாளாகிவிட்டது. அவன் சகோதரி மார்த்தாள் இயேசுவை எதிர்கொண்டு வந்து, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். சற்று நேரத்தில் இன்னொரு சகோதரி மரியாளும் வருகிறாள். பாதத்தில் விழுந்து அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். மார்த்தாளுக்கு, "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று பதில் கிடைக்கிறது. நாம் ஒவ்வொரு அடக்க ஆராதனையிலும் கேட்கிற வசனம். மரியாளுக்கோ பதிலே இல்லை. "அவனை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்கிறார், பிறகு கண்ணீர்.

லாசருவை எழுப்பப்போகிறேன் என்று புறப்படும் முன்பே சீஷர்களிடம் சொன்னவர் அவர். இன்னும் சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். "அழாதே, இதோ பார்" என்று சொல்லியிருக்கலாமே! சொல்லவில்லை. மரியாளும் கூட வந்தவர்களும் 'அழுகிறார்கள்'. அவர் 'கண்ணீர் விடுகிறார்'. கிரேக்கத்திலும் இவை இரண்டு வேறு வினைகள், முன்னது வாய்விட்டு அழுவது. நம் பழைய மொழிபெயர்ப்பு அந்த வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

பேத்தி வாசித்து முடித்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. மதினி போன அன்று இரவு நீ போனில் என்னிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வாக்கியம்தான். "இன்னும் ஒரு மணி நேரம் முந்திக் கொண்டுபோயிருந்தால்..." என்றாய். நான் என்ன செய்தேன்? "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று தொடங்கி, ரோமர், யோபு என்று கால்மணி நேரம் வசனமாக அடுக்கினேன். நீ "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டாய். சபையில் எத்தனையோ சாவு வீடுகளுக்குப் போய் வந்த பழக்கம், நாக்குத் தானாக ஓடிவிட்டது. போனை வைத்த பிறகு ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டவன்போல் தூங்கியும்விட்டேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. மன்னித்துவிடு.

அடக்கத்துக்குத்தான் வர முடியவில்லை. வருகிற வியாழக்கிழமை டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டால், வெள்ளி காலை நாகர்கோவில் பஸ் ஏறிவிடுவேன். பேத்தியும் வருவாள், என்னைத் தனியாக அனுப்ப வீட்டில் சம்மதிக்கவில்லை. சமையல் அது இது என்று எதுவும் ஏற்பாடு செய்யாதே. வந்ததும் மதினியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று காட்டு.

உன்
பெஞ்சுத் தோழன்