செந்திலுக்கு, வண்டி விஷயமாக

அன்புள்ள செந்திலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை.

மூன்று வாரமாக உன் குரலே இல்லை, திடீரென்று வண்டிப் படமும் "வாங்கிட்டேன்பா" என்று ஒரு வரியும் வந்தது. பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். செர்வெட்டா ஜெட் 200 ஸ்கூட்டர். ஸ்பெயினில் உன் பில்பாவோவுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த எய்பாரில் செய்தது. துப்பாக்கி செய்து பிழைத்த ஊர், அப்புறம் சைக்கிள், தையல் மிஷின், 1954-லிருந்து லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர். இத்தாலியில் லாம்ப்ரெட்டாவை முதலில் செய்த இன்னோசென்டி கம்பெனி 1971-ல் ஸ்கூட்டரை நிறுத்திய பிறகும் இவர்கள் விடாமல் 1989 வரை செய்திருக்கிறார்கள். அந்த இத்தாலி மிஷின்களை நம் சர்க்கார் வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்ததால்தான் நம் வீட்டு விஜய் சூப்பர். அப்படிப் பார்த்தால் உன் வண்டியும் நம் வண்டியும் அண்ணன் தம்பி பிள்ளைகள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை, இரண்டு நாள் தூக்கமில்லை. பன்னிரண்டு வயதில் கார்பரேட்டர் ஜெட்டை வாயால் ஊதி அடைப்பெடுத்தவன் நீ, உன்னால் முடியும்.

ஆனால் இவ்வளவு பெரிய பணத்தைப் போடும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னைக் கேட்க வேண்டாம், சுமதியைக் கேட்டாயா?

காகிதத்தை முதலில் பார். வண்டி ஃப்ரேமில் அடித்திருக்கும் நம்பரும் காகிதத்து நம்பரும் ஒன்றுதானா, பழைய சொந்தக்காரர் பதிவை ரத்து செய்துவிட்டாரா என்று கேள். ரத்தான வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவர அலைய வேண்டும். அவசரப்பட்டுக் கிக்கரை உதைக்காதே. பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, பிறகு ஃபேனைக் கையால் மெதுவாகச் சுற்று. மேக்னட்டைச் சுத்தியலால் தட்டி எடுக்காதே, அதற்கென்று புல்லர் இருக்கிறது. ஆயில் சீல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்று. கிடந்த வண்டியில் ரப்பர் காய்ந்து போயிருக்கும், பார்த்தால் நன்றாகத்தான் தெரியும், ஓடும்போது அந்த வழியாகக் காற்றை இழுக்கும், பெட்ரோலும் அதோடு வருகிற ஆயிலும் போதாமல் சூடேறிக்கொண்டே போய் ஒரு நாள் நடுரோட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும். எனக்குச் சமயபுரம் ரோட்டில் ஆனது, அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஆகவே ஆயில் சீல், மறக்காதே.

கராஜை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிடாதே. பெட்ரோல் இருக்கிற இடத்தில் படுக்கக் கூடாது. சிமெண்டுத் தரை குளிர் முதுகில் ஏறினால் லேசில் இறங்காது. படத்தில் சுவரோரம் இருந்ததையும் பார்த்தேன்.

அம்மா இன்னும் பார்க்கவில்லை. சுமதி ஏன் போனில் வருவதே இல்லை என்று தினமும் கேட்கிறாள், வேலை அதிகமாம் என்று நானாகவே சொல்லி வைத்திருக்கிறேன். நீ முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாய். சரி, வேலை இருக்கும். ஆயில் சீல் வாங்கும்போது நல்லதாக வாங்கு, மலிவுக்குப் போகாதே.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். 1988-ல் நம் வண்டி நான்கு மாதம் ஷெட்டில் பிரிந்து கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், கிராங்க் போய்விட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். கிராங்குக்கு ஒன்றுமே இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை நான்தான் பிரித்தேன். மணச்சநல்லூர் விஷயம் அம்மாவுக்குத் தெரிந்த அன்று அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சத்தம் போட்டு முடித்திருப்பேன். கேட்காமல் சோறு போட்டாள், எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். கழுவின பாகத்தையே மறுபடி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு பாதி ராத்திரி வரை உட்கார்ந்திருப்பேன், அங்கேயே சாக்கை விரித்துப் படுப்பேன். பால் டம்ளரைப் படியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள், நான் நிமிர மாட்டேன், போய்விடுவாள். நான்கு மாதமும் அப்படித்தான். அந்த மணச்சநல்லூர் பத்திரத்தை உன் சித்தப்பாவுக்காக அவளிடம் கேட்காமல் அடகு வைத்தது ஒரு தப்பு, அதைவிட இது பெரிய தப்பு. இன்றுவரை அதை அவளிடம் சொன்னதில்லை. அப்போது நீ இரண்டாம் வகுப்பு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டார்ச் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்பாய், அப்பாவுக்கு உதவி செய்கிறோம் என்று உனக்கு அவ்வளவு பெருமை. பையன் தொழில் கற்றுக்கொள்கிறான் என்று நானும் நினைத்தேன். நீ என்னிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்பது அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. தப்பு யாருடையது என்றும் கேட்கவில்லை. வண்டியைச் செய், நன்றாகச் செய், ஆனால் எட்டு மணிக்கு மேல் ஸ்பானரை வைத்துவிட்டு மேலே போ. அவள் பேசாவிட்டாலும் அங்கே போய் உட்கார்.

ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் ஒன்பது மணிக்குக் கூப்பிடு, அம்மா காத்திருப்பாள். கியர் கேபிள், கிளட்ச் கேபிள் இரண்டின் நீளத்தையும் அளந்து எழுது, அடுத்த மாதம் சென்னை போகும்போது புதுப்பேட்டையில் தேடிப் பார்க்கிறேன், லக்னோ வண்டிச் சாமான் நிறைய உன் வண்டிக்குச் சேரும். இப்போதைக்கு அந்தத் தலையணையை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போ.

அப்பா