சாரம் வாங்கும் முன்

புதுக்கோட்டை

அன்பு நண்பனுக்கு,

பொங்கலுக்கு முன்பே வந்த உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாதது தவறுதான். ஆனால் ஹெச் எழுத்து வடிவ இரும்புச் சட்டங்களை அடுக்கிக் கட்டும் பழைய ஹெச் பிரேம் சாரம் ஒரு லாரி வாங்க நீ முன்பணம் கொடுக்கப் போவதாக உன் மச்சான் நேற்று தொலைபேசியில் சொன்ன பிறகு, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். இங்கே அனைவரும் நலம். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பெரிய மேஸ்திரி உன்னை விசாரித்தார். ரசமட்டத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே இன்னும் தேடுகிறாயா என்று கேட்கச் சொன்னார்.

ஹெச் பிரேமை நான் குறை சொல்லவில்லை. வெளிப்பூச்சுக்கும் வண்ணம் அடிப்பதற்கும் அது அருமையான சாமான். நீ எடுத்திருப்பதோ கல் வைத்துச் சுவர் எழுப்பும் கட்டுவேலை. ஒரு மாடி வீடும் வரிசைக் கடைகளும். கட்டுவேலையில் சாரத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது கொத்தனாரின் இடுப்பு. முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவில் சுவரின் தலை இருக்கும்வரைதான் அவர் கை ஓடும். அதற்குக் கீழே குனிந்தால் முதுகு போகும், மேலே எட்டினால் தூக்குக் குண்டு பார்க்கும் பொறுமை போய்ச் சுவர் வெளியே சாயும். தரையில் நின்று நாலரை அடி வரை கட்டலாம். அடுத்து ஆள் நிற்கும் பலகைத் தளம் ஒரு மீட்டரில் அமைந்தால், சுவரின் தலை முழங்காலுக்கு அருகில் தொடங்கும். அதன்பின் இரண்டு மீட்டரில் ஒரு தளம் போதும், பத்தடிச் சுவர் முடிந்துவிடும். நீ பார்த்து வைத்திருக்கும் ஆறரை அடிச் சட்டத்தில் பலகை உச்சியில்தான் உட்காரும் என்றால், நாலரை அடியில் நிற்கும் சுவரை உன் ஆள் காலுக்குக் கீழே தேட வேண்டியிருக்கும்.

ஆகவே குழாய்களைக் கிண்ணப் பூட்டில் இணைக்கும் கப்லாக் சாரம் வாங்கு. அரை மீட்டருக்கு ஒரு கீழ்க் கிண்ணம் செங்குத்தாக நிற்கும் நிலைக்குழாயிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மேல் கிண்ணம் குழாயில் நகரும். மூன்று அங்குலச் செங்கலில் அரை மீட்டர் என்பது கலவையோடு சேர்த்து ஏறக்குறைய ஆறு வரி. குறுக்குக் குழாயின் நுனியைக் கீழ்க் கிண்ணத்தில் வைத்து, மேல் கிண்ணத்தை இறக்கிச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் இறுகிவிடும். போல்ட்டும் நட்டும் மண்ணில் விழுந்து தொலையும் தொல்லை இல்லை. அந்த அரை மீட்டருக்கு இடைப்பட்ட ஏற்ற இறக்கத்தை அடியில் உள்ள திருகு ஜாக்கி பார்த்துக்கொள்ளும். உங்கள் ஊர்க் களிமண்ணில் ஜாக்கியின் தகட்டை வெறுந்தரையில் ஒருபோதும் நிறுத்தாதே. கனமான பலகை ஒன்றைப் படுக்க வைத்து அதன்மேல் நிறுத்து. திருகை ஓர் அடிக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது என் வழக்கம். சிந்திய கலவை மரையில் காய்ந்துவிட்டால் நட்டு அசையாது. அப்போது ஆட்கள் சரிசெய்வதை விட்டுவிட்டு அடியில் செங்கல் துண்டைச் சொருகுவார்கள், அதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. கிரீஸ் தடவிச் சாக்குத் துணியைச் சுற்றி வைக்கச் சொல்.

எடையையும் கணக்குப் பார். எட்டடிக்கு நாலடித் தளத்தில் நூற்றைம்பது செங்கல் அடுக்கினால், கல் ஒன்று மூன்று கிலோ என்றாலும் நானூற்றைம்பது கிலோ. இரண்டு கொத்தனார்கள், ஒரு சித்தாள், கலவைச் சட்டிகள் எல்லாம் சேர்ந்தால் எழுநூறைத் தொடும். உன் கடைகளுக்கு எட்டங்குலச் சாலிட் பிளாக், அதாவது துளையில்லாத கான்கிரீட் கல், என்றாயே, அது ஒன்றே முப்பது கிலோவைத் தாண்டும். அந்தக் கல்லைச் சித்தாள் தலைக்குமேல் தூக்கித் தருவதும், கொத்தனார் குனிந்து வாங்குவதும் எந்த நாளும் ஆபத்து. கொத்தனார் நிற்கும் பலகையைவிடக் கல் அடுக்கும் பலகையை ஒரு கிண்ணம், அதாவது அரை மீட்டர், உயர்த்திப் போடு. கல் அவர் கையருகில் இருக்கும், குனிவது பாதியாகக் குறையும். இந்த ஒரு வசதிக்காகவே ஏற்றி இறக்கக்கூடிய சாரம் வேண்டும் என்று நான் மன்றாடுகிறேன்.

உள்சுவருக்குத் துளையில் ஊசி போட்டு உயர்த்தும் இரும்புக் குதிரைகள், அதாவது பலகை தாங்கும் கால்சட்டங்கள், சில போதும். ஒன்றரை அங்குலப் பலகையானால் இரண்டு குதிரைக்கு நடுவே ஐந்தடிக்கு மேல் விடாதே. வெளியே சாரத்தின் உயரம் அதன் அடிப்பாக அகலத்தைப்போல் மூன்று மடங்கைத் தொடும்போதே சன்னல் திறப்புகள் வழியாகக் கட்டடத்தோடு பிணைத்துவிடு. கைப்பிடிக் குழாய்க்கு நேரமில்லை என்று எவர் சொன்னாலும் கேட்காதே. சவுக்குச் சாரம் கட்டிய காலத்தில் கட்டை சொருகச் சுவரில் விட்ட பொந்துகளைச் சரியாக அடைக்காததால் மழைக்கு ஒழுகிய வீடுகள் உனக்கே தெரியும். சுவரில் பொந்து கேட்காத இந்தச் சாரத்தில் அந்தக் கவலையும் இல்லை.

கடற்காற்று வீசும் ஊர் என்பதால் துத்தநாகம் பூசிய குழாயாகக் கேள், விலை கூடினாலும் பரவாயில்லை. வீட்டுவேலைக்குத் தேவையானதை மட்டும் சொந்தமாக வாங்கு. கடைகளுக்கு மேற்கொண்டு வேண்டியதை வாடகைக்கு எடுத்துக்கொள். பழையதே வாங்குவதானால் புதுப் பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதே. விட்டமும் தடிமனும் அளக்கும் வெர்னியரைக் கொண்டுபோய்க் குழாயின் நுனியில் வைத்துப் பார். வெளி விட்டம் 48.3 மில்லிமீட்டர், தடிமன் 3.2 இருக்க வேண்டும். தடிமன் 2.5க்கு இறங்கியிருந்தால் அந்தக் குழாயை ஒதுக்கு. கிண்ணத்தின் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க உன் மச்சானையும் அழைத்துப் போ.

முன்பணத்தை அதுவரை நிறுத்தி வை. வீட்டின் வரைபடத்தையும் அடித்தள உயரத்தையும் எனக்கு அனுப்பினால் எத்தனை நிலைக்குழாய், எத்தனை குறுக்குக் குழாய் என்று கணக்கிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்