சத்தம் கேட்கவில்லை என்றால் திமிங்கலம் இல்லை என்று பொருளா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரிக்கு அப்பால் ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேடத் தொகுதிகள் ஒதுக்கப்பட்டதிலிருந்து மீன்வளம் பற்றியும் மீனவர் வாழ்வு பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. தேடும் பணியின்போது கடலுக்குள் எழும் சத்தத்தைப் பற்றிய பேச்சு மட்டும் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. நீருக்கடியில் ஹைட்ரோஃபோன் என்னும் ஒலிவாங்கியை வைத்துக் கேட்பார்கள், திமிங்கலம், டால்பின் குரல் கேட்டால் வேலையை நிறுத்துவார்கள், கேட்காவிட்டால் தொடர்வார்கள் என்பதே அந்த வரி. நியாயமான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் சத்தத்துக்கு நடுவே மாட்டிக்கொண்ட திமிங்கலம் தன் குரலை என்ன செய்கிறது என்று பார்த்தால், இந்த ஏற்பாட்டின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது.

எண்ணெய், எரிவாயு தேடக் கடலடிக்கு ஒலியை அனுப்பி எதிரொலியைப் பதியும் நில அதிர்வு ஆய்வுக் கப்பல், ஏர்கன் எனும் காற்றுத் துப்பாக்கிகளை வரிசையாகக் கட்டி இழுத்துச் செல்லும். சுமார் 2,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடைத்த காற்றை அவை ஒரே நொடியில் நீருக்குள் திறந்துவிடும். 10 முதல் 15 வினாடிக்கு ஒரு வெடிப்பு, இரவும் பகலும், வாரக்கணக்கில். வெடிப்பின் ஆற்றலில் பெரும்பங்கு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. நீலத்திமிங்கலம் குரல் கொடுப்பதும் அந்தக் கீழ்ச்சுருதியில்தான். நடு அட்லாண்டிக்கில் வைத்திருந்த கருவிகளில், ஏறக்குறைய 4,000 கி.மீ. தள்ளி நடந்த ஆய்வுகளின் வெடிப்புகள் பதிவாகியுள்ளன.

இந்தச் சத்தத்துக்குத் திமிங்கலம் என்ன பதில் சொல்கிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது அலாஸ்காவுக்கு வடக்கே பியூஃபோர்ட் கடலில் 2007 முதல் 2010 வரை நடந்த அளவீடு. கடல் தரையில் கருவிகளை வைத்து போஹெட் திமிங்கலங்களின் அழைப்புகளை எண்ணினார்கள். அதே இடத்தில் 10 நிமிடத்தில் சேரும் ஏர்கன் ஒலியாற்றலையும் கணக்கிட்டார்கள். ஏர்கன் சத்தம் எட்டத் தொடங்கியதுமே, சுமார் 94 டெசிபலில், அழைப்புகள் கூடின. சத்தம் மேலும் ஏறியபோது ஒரு கட்டம் வரை அதே அளவில் நின்றன. 127ஐத் தாண்டியதும் குறைய ஆரம்பித்தன. 160 வாக்கில் அநேகமாக முழு மௌனம்.

இதே பதிவை ஆய்வுக் கப்பலில் இருப்பவர் எப்படிப் படிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கப்பல் தொலைவில் இருக்கும்போது அழைப்புகள் கூடுவதால், திமிங்கலங்கள் இயல்பாக இருக்கின்றன என்று எழுதுவார். கப்பல் நெருங்கியதும் குரல் நின்றுபோவதால், அந்தப் பகுதியில் திமிங்கலம் இல்லை என்று எழுதிவிட்டு வெடிப்பைத் தொடர்வார். உண்மையில் முதலில் கூடியது, சத்தத்துக்கு மேல் தன்னைக் கேட்கவைக்கும் முயற்சியாக இருக்கலாம். பின்னர் வந்த மௌனம், வாயடைத்துப்போன திமிங்கலம் அதே இடத்தில் இருப்பதால் வந்ததாக இருக்கலாம். அழைப்புகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இதில் எதையும் தீர்மானிக்க முடியாது.

எல்லா இனமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தில், சிறிய அளவிலான நில அதிர்வு ஆய்வு நடந்த நாட்களில் நீலத்திமிங்கலங்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் குரல் கொடுத்தன. அங்கோலாவின் வடகரைக்கு அப்பால் ஆய்வு நடந்தபோது, பாடும் கூன்முதுகுத் திமிங்கலங்களின் எண்ணிக்கை குறைந்தது. மத்தியதரைக் கடலில் ஃபின் திமிங்கலங்கள் பாட்டின் சுருதியைத் தாழ்த்திக்கொண்டு இடத்தை விட்டே நகர்ந்தன. ஆய்வு முடிந்த பிறகும் உடனே திரும்பவில்லை.

குரலை மாற்றிக்கொள்கிறதே, அப்படியானால் சமாளித்துவிடும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க-கனடா எல்லையில் ஹாரோ நீரிணையின் ஓர்காக்கள் (கொலையாளித் திமிங்கலங்கள்), பின்னணிச் சத்தம் 1 டெசிபல் ஏறினால் தங்கள் குரலையும் 1 டெசிபல் ஏற்றுகின்றன. அப்படி ஏற்றினால் போதுமா என்பதை ஃபுளோரிடாவில் இரண்டு டால்பின்களை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2023இல் வெளியானது. இரண்டும் தத்தம் பொத்தானை ஒரு வினாடிக்குள் ஒன்றாக அழுத்த வேண்டும். அதற்கு அவை விசிலடித்துத் தங்களுக்குள் நேரம் குறித்துக்கொள்ளும். சத்தத்தைக் கூட்டியபோது விசில் உரத்தது, ஏறக்குறைய இரு மடங்கு நீண்டது, ஒன்றையொன்று நோக்கி உடலைத் திருப்பியும் பார்த்தன. அப்படியும் வெற்றி 85 சதவீதத்திலிருந்து 62.5 சதவீதமாக இறங்கியது. நீலத்திமிங்கலம் போன்ற, பல்லுக்குப் பதில் சல்லடைத் தகடுகள் கொண்ட பலீன் திமிங்கலங்களின் நிலை இன்னும் மோசம். அவற்றின் குரல்வளை அமைப்பை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு, சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு மேலோ 100 மீட்டர் ஆழத்துக்குக் கீழோ அவற்றால் குரல் எழுப்ப முடியாது என்கிறது. கப்பல் எஞ்சின் சத்தமும் ஏர்கன் சத்தமும் நிறைந்திருப்பது அந்த எல்லைக்குள்தான். ஒதுங்கிப் பேச அவற்றுக்கு வேறு சுருதி கிடையாது.

இதில் கருவியின் குறைபாடு வேறு சேர்ந்துகொள்கிறது. கப்பலின் பின்னால் இழுத்துச் செல்லும் ஹைட்ரோஃபோன், ஸ்பெர்ம் திமிங்கலத்தின் கிளிக் ஒலியையும் டால்பின் விசிலையும் நன்றாகப் பிடிக்கும். நீலத்திமிங்கலத்தின் கீழ்ச்சுருதியோ அந்தக் கப்பலின் சொந்த எஞ்சின் சத்தத்திலும் கருவியை உரசிச் செல்லும் நீரோட்டத்தின் இரைச்சலிலும் மூழ்கிவிடும். மேலும், நீலத்திமிங்கலங்களில் பாடுபவை ஆண்களே. கன்றோடு இருக்கும் கூன்முதுகுத் தாயோ பக்கத்தில் மட்டும் கேட்கும்படி மெல்லப் பேசும். நாம் முதலில் காப்பாற்ற வேண்டியவை, சத்தமே இல்லாத கடலிலும் அதிகம் கேட்காதவை.

டெசிபல் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன எண்களைக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியின் 90 டெசிபலோடு ஒப்பிடக் கூடாது. காற்றில் 20 மைக்ரோபாஸ்கலும் நீரில் 1 மைக்ரோபாஸ்கலும் அடிப்படை அளவு. நீரின் அடர்த்தியும் சேர்ந்து, ஒரே ஒலிச்செறிவுக்கு இரு அளவுகோலுக்கும் சுமார் 62 டெசிபல் வித்தியாசம் வரும். எத்தனை மீட்டர் தொலைவில், எந்த அலைவெண் வரம்பில், உச்ச அளவா சராசரியா என்று சொல்லாத டெசிபல் எண் திட்ட அறிக்கையில் இருந்தால் அது எதற்கும் உதவாது.

பிரிட்டனின் இயற்கைப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பான ஜே.என்.சி.சி.யின் விதிகளின்படி, 200 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடலில் வெடிப்புக்கு முன் 60 நிமிடம் விலங்குகள் உள்ளனவா என்று தேட வேண்டும். 500 மீட்டர் வட்டத்துக்குள் விலங்கு தென்பட்டால் தொடங்கக் கூடாது. தொடங்கினாலும் குறைந்தது 20 நிமிடத்துக்கு மெல்ல மெல்ல வலுவைக் கூட்ட வேண்டும். நம் கடலுக்கும் இவை அவசியம், ஆனால் போதாது. ஆய்வுக்கு முன்பே, இரண்டு பருவமழைக் காலங்களையும் உள்ளடக்கி ஓர் ஆண்டாவது, கடல் தரையில் நிலையான பதிவுக் கருவிகள் இருக்க வேண்டும். நீலத்திமிங்கலத்துக்குக் கருவி ஒலியை வினாடிக்கு 2,000 முறை அளந்து பதிந்தால் (2,000 மாதிரிகள்) போதும். டால்பின் விசிலுக்கு 48,000க்குக் குறையக் கூடாது. 130 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் கிளிக் எழுப்பும், டால்பினைப் போன்ற, முதுகுத்துடுப்பற்ற பார்ப்பாய்ஸுக்கு 3 லட்சம் வேண்டும். கருவியைக் கயிற்றில் தொங்கவிட்டால் நீரோட்டத்தில் கயிறு அதிரும் ஓசையே பதிவாகும். பவளப்பாறைக்கு அருகில் வைத்தால் சொடுக்கு இறால்களின் பொரியும் ஓசை விசில்களை மறைத்துவிடும். சத்தம் கூடும்போது கருவியும் அழைப்புகளைத் தவறவிடும் என்பதால், பதிவான எண்ணிக்கையை அதற்கேற்பத் திருத்தாமல் கூடியது, குறைந்தது என்று முடிவுகட்டக் கூடாது.

இலங்கையின் மிரிஸ்ஸ கரைக்கு அப்பால் வாழும் நீலத்திமிங்கலங்கள் துருவக் கடலுக்குப் போவதில்லை; ஆண்டு முழுக்க வட இந்தியப் பெருங்கடலிலேயே இருப்பவை. எனவே குமரிக்கு அப்பால் எழும் சத்தத்தின் அளவீடு கொழும்புக்கும் தெரிய வேண்டும். ஒலிப்பதிவின் சுருக்கம் மட்டுமல்லாமல், மூலக் கோப்புகளையே, அந்தந்த நேரத்து ஏர்கன் வெடிப்புப் பட்டியலோடு, பொதுவில் வைக்க வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே சேர்க்குமாறு ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தை உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடல் ஒலியியல் ஆய்வாளர்கள் சிலர்,
நாகர்கோவில்.